பதினான்காம் எண் அட்டை

பூச்சி ஆய்வு நிலையத்துக்கு வருகிறவர்கள் பொதுவாகக் கையில் எதையாவது பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். தீப்பெட்டிக்குள் ஒரு வண்டு, பாலிதீன் பையில் வாடிய கிளை. ஒருமுறை ஒருவர் தலையணையையே தூக்கிக்கொண்டு வந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த பெண்மணியின் கையில் ஒரு கடிதம் மட்டும் இருந்தது. மடிப்பிலேயே கிழிந்துபோகும் அளவுக்கு அதைப் பலமுறை பிரித்துப் படித்திருந்தார்.

"டாக்டரம்மா இருக்காங்களா?"

வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர் நிமிர்ந்தார். ஐம்பதைத் தாண்டிய அவருக்கு நிலையத்தில் வைத்திருக்கும் பெயர் டாப்கியர். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அவர் ஓட்டி யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர். ஜீப்தான் மெதுவாகப் போகுமே தவிர, அவருடைய யூகங்கள் பறக்கும்.

"இருக்காங்க. எந்த டாக்டர்னு தெரிஞ்சுதானே வந்தீங்க? போன மாசம் ஒருத்தர் மூட்டுவலின்னு வந்து அரை மணி நேரம் உக்காந்துட்டாரு. இவங்க பூச்சி டாக்டர்."

"தெரியும். பூச்சியாலதான் வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. டாப்கியரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு அவரை உள்ளே அழைத்துப் போனார். போனவர் திரும்பாமல் ஓர் ஓரமாக நின்றுகொண்டார். வழக்குகளைக் கேட்பதில் அவருக்கு அப்படி ஓர் ஆசை.

டாக்டரம்மா பத்து நாள் வெளியூர்ப் பயிற்சி முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். நாற்பத்தைந்து வயது. அதிகம் பேசமாட்டார். எதிரே இருப்பவர் பேசி முடித்த பிறகும் ஒரு நிமிடம் சும்மா இருப்பார். அந்த ஒரு நிமிடத்தில்தான் பலர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். மேசையில் குவிந்திருந்த கோப்புகளை ஒதுக்கிவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தார்.

விஷயம் இதுதான். புதிய பூச்சிகள் ஏதும் நுழைகின்றனவா என்று கண்காணிக்க, நிலையம் ஊரைச் சுற்றி நாற்பது இடங்களில் பசை தடவிய மஞ்சள் அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தது. மஞ்சள் நிறத்தைக் கண்டு வரும் பூச்சி பசையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அட்டையை மாற்ற வேண்டும். இந்தப் பெண்மணியின் ஆரஞ்சுத் தோட்டத்தின் நட்டநடுவில் இருந்த பதினான்காம் எண் அட்டையில், இந்தப் பகுதியில் இதுவரை யாருமே பார்த்திராத நீள்கொம்பு வண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதன் புழு மரத்துக்குள் இருந்துகொண்டே மரத்தைத் தின்னும். ஒரு மரத்தில் இறங்கினால் வட்டாரம் முழுக்கப் பரவிவிடும். ஆகவே அட்டை இருந்த இடத்தைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குள் உள்ள மரங்கள் அனைத்தும் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெட்டி எரிக்கப்படும். கீழே இயக்குநரின் கையெழுத்து.

"நானூத்திப் பன்னெண்டு மரம், டாக்டரம்மா," என்றார் தோட்டக்கார அம்மாள். "வெறும் கல்லா கிடந்த நிலம். நானே நின்னு குழி வெட்டி நட்டது. போன வருஷந்தான் ஒழுங்கா காய்க்க ஆரம்பிச்சுது. திரும்ப நட்டா எட்டு வருஷம் ஆகும். எனக்கு இப்பவே அம்பத்தாறு."

"மரத்துல எங்கயாவது ஓட்டை இருக்கா? தூள் கொட்டியிருக்கா?"

"ஒண்ணும் இல்ல. உங்க ஆபீஸ்ல அட்டை மாட்டுற பொறிக்காரர் நாலு நாளா விடிஞ்சதும் வந்துடறாரு. ஒவ்வொரு மரத்தையும் கையால தடவித் தடவிப் பாக்குறாரு. யாரும் அனுப்பலயாம், தானாத்தான் வர்றாராம். அவர் முகத்தைப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு. இந்த ஆபீஸ்ல மனசுன்னு ஒண்ணு இருக்கறது அவருக்குத்தான்."

டாக்டரம்மா தன் வழக்கமான ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டார்.

"நான் பாக்குறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வண்டு உங்க தோட்டத்துலதான் இருந்ததுன்னு எனக்கு உறுதியாயிட்டா, மரத்தை வெட்டுங்கன்னு நானும்தான் கையெழுத்துப் போடுவேன்."

"அது போதும். யாராவது பாத்துட்டு வெட்டட்டும். பாக்காம வெட்டறாங்களேன்னுதான் வயிறு எரியுது."

*

இயக்குநர் நல்ல மனிதர்தான். விதிப் புத்தகத்தைத் தாண்டி ஓர் அடி எடுத்துவைக்க மாட்டார், அவ்வளவுதான். "வண்டு சரியான வண்டு. தலைமை ஆய்வகமே சொல்லிடுச்சு. இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றார்.

"வண்டைப் பத்தி எனக்குச் சந்தேகம் இல்ல சார். அட்டையைப் பாக்கணும்."

"அட்டையா? நம்ம பொறிக்காரர் மாட்டினது. பதினோரு வருஷமா அவர் பதிவேட்டுல ஒரு கட்டம் காலியில்ல. வெளியில இருந்து யார் வந்தாலும் அதைத்தான் எடுத்துக் காட்டுறேன்."

வண்டைப் பிரித்தெடுத்துத் தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பிய பிறகு அட்டையை இழுப்பறையில் போட்டு எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். டாக்டரம்மா அதோடு பதின்மூன்றாம், பதினைந்தாம் அட்டைகளையும் எடுத்துக்கொண்டார். அவை அதே தோட்டத்தின் மேற்கு மூலையிலும் கிழக்கு மூலையிலும், அதே இரண்டு வாரங்கள் தொங்கியவை. மூன்றையும் வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பி விளக்கைப் போட்டார்.

டாப்கியருக்கு அதற்குள் கதை தயாராகிவிட்டது. "டாக்டரம்மா, இது யாரோ பொறாமையில செஞ்ச வேலை. செத்த வண்டைக் கொண்டாந்து பசையில ஒட்டிட்டுப் போயிருக்கான். பக்கத்து நிலத்துக்காரனைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டா..."

"இங்க வந்து பாருங்கண்ணே. வண்டை எடுத்த இடம். பசையில என்ன தெரியுது?"

டாப்கியர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். "கோடு கோடா இருக்கு. விசிறி மாதிரி."

"காலை உதைச்ச தடம். உயிரோட வந்து உக்காந்து, தப்பிக்கப் பாத்து, முடியாம செத்திருக்கு. யாரும் ஒட்டல."

டாப்கியரின் முகம் தொங்கிப்போனது. பக்கத்து நிலத்துக்காரர் தன்னையறியாமலே தப்பித்தார்.

"இப்ப மத்த ரெண்டையும் பாருங்க. என்ன இருக்குன்னு சொல்லுங்க."

"பதிமூணுல மஞ்சளா மாவு மாதிரி அப்பியிருக்கு. குட்டிக் குட்டியா ஏதோ ஆயிரம். மூணு தேனீ. அப்புறம் பசையெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருக்கு. பதினஞ்சும் அதே கதைதான். நிறமும் வெளுத்துப்போச்சு."

"மாவு இல்லண்ணே, மகரந்தம். தோட்டம் பூவும் பிஞ்சுமா இருக்கு. குட்டியா தெரியறது பூவுல இருக்கற இலைப்பேன். குழி, மழைத்துளி விழுந்தது. அட்டையை எடுக்கறதுக்கு முந்தின ராத்திரி காத்தும் மழையும் அடிச்சிருக்கு. இப்ப பதினாலு?"

டாப்கியர் வெகுநேரம் பார்த்தார். பதினான்காம் அட்டை புதுசு போலப் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. அதில் கொசுக்கள் இருந்தன. குளியலறைச் சுவரில் உட்காருமே, அந்தச் சாம்பல் நிறக் குட்டி ஈக்கள் இருந்தன. ஒரு நரைமுடி. ஆங்காங்கே வெள்ளைத் தூள். கம்பி கோத்துத் தொங்கவிடும் துளையைச் சுற்றி மற்ற இரண்டிலும் துரு வளையம் இருந்தது. இதில் துளை சுத்தமாக இருந்தது. அதற்குப் பதிலாக மேல் ஓரத்தில் ஊக்குக் குத்தியது போல இரண்டு சின்ன ஓட்டைகள். மூலையில் எழுதியிருந்த 14 என்ற எண்ணில் நான்கின் கால் பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே பசை ஆரம்பித்தது.

டாக்டரம்மா அட்டையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு டாப்கியரிடம் நீட்டினார்.

"தைலம்," என்றார் அவர். "வலிக்குத் தேய்க்கிற தைலம். ஆரஞ்சுத் தோட்டத்துல யாருக்கு வலி?"

"அதைத்தான் தேடணும். நாளைக்குக் காலையில தோட்டத்துக்குப் போறோம். கொஞ்சம் சீக்கிரமா கிளம்புங்க, நீங்க ஓட்டுறதால சொல்றேன்."

*

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தோட்டம் பூ வாசனையில் மூழ்கியிருந்தது. மரங்களுக்கு நடுவே காக்கிச் சட்டை அணிந்த ஒருவர் குனிந்து ஓர் அடிமரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பொறிக்காரர். நாற்பது வயது இருக்கும். நான்கு நாளாகச் சவரம் செய்யவில்லை. டாக்டரம்மாவைக் கண்டதும் விறைப்பாக நிமிர்ந்தார்.

"ஏதாவது கிடைச்சுதா?"

"இல்ல மேடம். முன்னூத்தித் தொண்ணூறு பாத்துட்டேன். ஒரு ஓட்டைகூட இல்ல." அவர் குரலில் நிம்மதி இல்லை, ஏமாற்றமே இருந்தது. டாக்டரம்மா அதைக் கவனித்தார். அவர் கையிலிருந்து வந்த தைல வாசனையையும் கவனித்தார்.

"வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல?"

பொறிக்காரர் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார். "அப்பாவுக்கு. கீழ விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ரெண்டு மாசமா படுக்கையில இருக்காரு. நான்தான் காலையிலயும் சாயங்காலமும் தேய்ச்சு விடுவேன்."

அதற்குள் டாப்கியர் பொறி தொங்கிய இடத்திலிருந்து காற்று வீசும் திசையில் நடக்க ஆரம்பித்திருந்தார். காற்றும் மழையும் அடித்தது என்று டாக்டரம்மா சொன்ன ஒரு வார்த்தை இரவெல்லாம் அவர் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் போகும் சிறு வாய்க்காலில் சருகுகள் அடைத்துக் கிடந்த இடத்தில் உட்கார்ந்து கையை விட்டார். பத்து நிமிடம் கழித்து முழங்கை வரை சேற்றோடு ஓடிவந்தார். அவர் ஓடியும் யாரும் பார்த்ததில்லை.

"டாக்டரம்மா! இன்னொரு பதினாலு!"

சேற்றைக் கழுவியதும் தெரிந்தது. வெளுத்த மஞ்சள் அட்டை. பசையில் மகரந்தம், இலைப்பேன், ஒரு தேனீ, மழைக் குழிகள். துளையைச் சுற்றித் துரு வளையம். மூலையில் முழுசாக, நிதானமாக எழுதிய 14. வண்டு ஏதும் இல்லை.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தபோது பொறிக்காரர் மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வர்றோம்," என்றார் டாக்டரம்மா. "அப்பாவைப் பாக்கணும். இயக்குநரும் வருவாரு, இந்த அம்மாவும் வருவாங்க. எதுவும் இப்ப சொல்ல வேண்டாம். அந்தக் கட்டிலை மட்டும் நகர்த்தாதீங்க, துடைக்காதீங்க."

'கட்டில்' என்ற சொல்லைக் கேட்டதும் பொறிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. டாப்கியருக்கும் புரியவில்லை. "கட்டில் எங்கேருந்து வந்துச்சு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். டாக்டரம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

*

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பொறிக்காரர் வீட்டின் சின்ன அறையில் ஏழு பேர் இருந்தார்கள். ஜன்னலில் கொசுவலை அடித்திருந்தது. மருந்து வைக்கும் முக்காலி, ஒரு டப்பா முகப்பவுடர், தைல பாட்டில். நடுவே ஒரு மரக்கட்டிலில் பொறிக்காரரின் தந்தை சாய்ந்து படுத்திருந்தார். நாற்பது வருடம் கைக்கடிகாரம் பழுதுபார்த்தவர். பார்வை மங்கிவிட்டது, விரல்கள் மட்டும் இன்னும் எதையோ திருகுவதுபோல அசைந்துகொண்டிருந்தன. மருமகள் தலைமாட்டில் நின்றார். இயக்குநருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. தோட்டக்கார அம்மாள் உட்கார மறுத்துவிட்டார்.

டாக்டரம்மா இரண்டு அட்டைகளையும் முக்காலியில் வைத்தார்.

"சார், இந்த ரெண்டுல ஒண்ணுதான் தோட்டத்துல இருந்தது. சேத்துல கிடைச்சதுதான் அது. வண்டு பிடிபட்ட அட்டை ரெண்டு வாரமும் வெயில் படாத, மழை படாத ஒரு அறைக்குள்ள இருந்திருக்கு. மகரந்தம் இல்ல, குளியலறை ஈ இருக்கு. கம்பியில தொங்கல, ஊக்குக் குத்தித் தொங்கவிட்டிருக்காங்க. படுக்கையில இருக்கறவங்களுக்கு முதுகுல புண் வரக்கூடாதுன்னு போடற பவுடர் இருக்கு. தைல வாசனை. ஒரு நரைமுடி."

"எண் எழுதியிருக்கே?" என்றார் இயக்குநர்.

"எண்ணை எப்ப எழுதுவோம்? பசை மேல இருக்கற தாளை உரிக்கறதுக்கு முன்னாடி. இதுல நாலோட கால் பசைக்கிட்ட வந்ததும் நின்னுபோச்சு. பசை மேல பேனா ஓடாது. அட்டையைக் கழட்டின பிறகு எழுதின எண் இது."

மருமகள் மெல்லச் சொன்னார். "நான்தான் மாட்டினேன். மாமாவைக் கொசு கடிக்குதுன்னு... இவங்க ஆபீஸ்ல தேதி முடிஞ்ச அட்டையைக் கொண்டாந்து வெச்சிருந்தாங்க. கட்டில் கம்புல ஊக்கால மாட்டினேன். தப்பா?"

"தப்பில்லம்மா. என் வீட்டுச் சமையலறையிலயும் ஒண்ணு தொங்குது," என்றார் டாக்டரம்மா. இயக்குநர் கூரையைப் பார்த்தார். அவர் வீட்டிலும் தொங்கியிருக்க வேண்டும்.

அந்த ஒரு நிமிடம் வந்தது. பொறிக்காரர் அதைத் தாங்கவில்லை.

"அன்னிக்குக் காலையில போனா கம்பி மட்டும் இருந்துச்சு. அட்டை இல்ல. அரை மணி நேரம் தேடினேன். பதினோரு வருஷம், மேடம். ஒரு கட்டம் காலி விட்டதில்ல. 'தொலைந்தது'ன்னு எழுதக் கை வரல. வீட்டுல தொங்கின அட்டையில எண்ணைப் போட்டுக் குடுத்துட்டேன். வழக்கமா பாக்குற கறுப்பு வண்டுல ஒண்ணுன்னு நினைச்சேன். போன வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்ததும் எனக்குத் தலையில இடி விழுந்த மாதிரி ஆயிடுச்சு. அப்ப சொல்லியிருக்கணும். சொல்லல. எங்கயோ வெளியில இருந்துதான் வீட்டுக்குள்ள வந்திருக்கும், ஒருவேளை இந்தத் தோட்டத்துல இருந்தே வந்திருக்குமோன்னு... ஒரு மரத்துலயாவது ஓட்டை கிடைச்சா என் பொய் உண்மையாயிடும்னு தேடினேன்."

தோட்டக்கார அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு நான் தினமும் டீ போட்டுக் குடுத்தேன்," என்றார். அடி வாங்கியிருந்தால்கூடப் பொறிக்காரர் அப்படிக் குனிந்திருக்க மாட்டார்.

"தெரியலன்னு எழுதறதுக்குத்தான் அந்தக் கட்டம் காலியா இருக்கு," என்றார் டாக்டரம்மா. "அதுல நீங்க தெரியும்னு எழுதிட்டீங்க. சரி. வண்டு எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னும் யாரும் கேக்கல. ஐயா, உங்களை ஒண்ணு கேக்கட்டுமா? ராத்திரியில உங்களுக்குத் தூக்கம் வருதா?"

பெரியவர் முகத்தைத் திருப்பினார். "அதைக் கேக்காதீங்கம்மா. கேட்டா நான் சொல்லுவேன், சொன்னா மாத்திரை குடுப்பாங்க."

"சொல்லுங்க. நான் மாத்திரை குடுக்கற டாக்டர் இல்ல."

"கட்டில் தின்னுது," என்றார் அவர். "எனக்குக் கீழ. கரகரன்னு. கொஞ்சம் தின்னும், நிறுத்தும், திரும்பத் தின்னும். எலி இல்ல, எலிக்குப் பல் சத்தம் வேற. முதல்ல ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு கால்மாட்டுல, ஒண்ணு தலைமாட்டுல. கால்மாட்டுல இருந்தது அஞ்சு வாரத்துக்கு முன்னாடி நின்னுபோச்சு. நாப்பது வருஷம் காதுல வாட்சை வெச்சுப் பொழைச்சவன்மா நான். நின்னது எது, ஓடுறது எதுன்னு எனக்குத் தெரியாதா? இவங்க எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நினைக்கறாங்க."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து, கால்மாட்டுப் பக்கம் தொங்கிய போர்வையை விலக்கி, விளக்கை அடித்தார். கட்டில் காலின் உட்புறத்தில், பென்சில் நுழையும் அளவுக்கு ஒரே ஓர் ஓட்டை. ஓரம் கூர்மையாக, அழகாகக் கடைந்தது போல இருந்தது. அதற்குக் கீழே தரையில் வெளிர் தூள்; பவுடர் என்று நினைத்து மருமகள் தினமும் பெருக்கித் தள்ளியது.

"புழு தின்னு முடிச்சதும் கூட்டுப்புழு ஆயிடும். அப்ப சத்தம் நின்னுபோகும். மூணு வாரம் கழிச்சு வண்டாகி ஓட்டை போட்டு வெளிய வரும். ஐயா சொன்ன கணக்கு அட்டை தொங்கின நாளுக்குள்ள வருது. கட்டில் முழுக்கப் பாக்கணும். இது ஒரே ஓட்டைன்னா வெளிய வந்தது ஒரே வண்டு. அது அட்டையில மாட்டிக்கிச்சு. இன்னொண்ணு தலைமாட்டுல இன்னும் இருக்கு. நீங்களே கேட்டுப் பாருங்க," என்று பொறிக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

அவர் மண்டியிட்டுத் தலைமாட்டுக் காலில் காதை வைத்தார். சிறிது நேரத்தில் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"கேக்குதுப்பா," என்றார். "கேக்குது. மன்னிச்சுடுப்பா."

பெரியவர் கையை நீட்டித் துழாவி மகனின் தலையைத் தொட்டார். டாப்கியர் ஜன்னல் பக்கம் திரும்பி, கொசுவலையை ரொம்ப அக்கறையாக ஆராய்ந்தார்.

*

கட்டில் முழுக்கத் தேடியும் வேறு ஓட்டை கிடைக்கவில்லை. அதைச் செய்த தச்சரை டாப்கியர் அரை மணியில் ஜீப்பில் கொண்டுவந்து சேர்த்தார். தச்சர் எதையும் மறைக்கவில்லை. கப்பலில் இயந்திரம் வந்த பெரிய மரப்பெட்டி ஒன்றைப் பிரித்து, அந்த மரத்தில் மூன்று கட்டில் செய்ததாகச் சொன்னார். ஒன்று இது. ஒன்று விற்காமல் கடையிலேயே கிடக்கிறது. அதை மூடிவைக்க இயக்குநர் உடனே ஆள் அனுப்பினார்.

"மூணாவது?"

"ரெண்டு மாசம் இருக்கும். ஒரு ஆள் வந்து காசைக் குடுத்துட்டு வண்டியில ஏத்திட்டுப் போனாரு. யாருன்னு தெரியல. முகமும் ஞாபகம் இல்லங்க."

இயக்குநர் எழுந்து நின்றார். "அது எங்க இருக்கோ, அந்த இடத்துல வண்டு வெளிய வந்திருந்தா அங்க மரம் வெட்டணும். இந்த அம்மாவோட தோட்டம் பிழைச்சுது. ஆணையை ரத்து பண்ணிடறேன்."

தோட்டக்கார அம்மாளுக்கு வாழ்த்துச் சொல்ல டாப்கியர் வாயெடுத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு இரண்டு முறை அசைந்து நின்றது. யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கக் காரணமும் இல்லை. அப்படியே வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"ரத்து பண்ண வேண்டாம் சார்," என்றார் கடைசியில். "மூணாவது கட்டில் என் மோட்டார் ரூம்ல இருக்கு. காவல்காரர் படுக்கறதுக்கு என் தம்பியை விட்டு வாங்கினேன்."

*

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மரம் வெட்டும் ஆட்கள் ஆறு பேர் இயந்திர வாளோடு தோட்டத்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டரைக்கு ஜீப் வந்தது. பின்னால் மெத்தை விரித்து அதில் கடிகாரக்காரரைப் படுக்கவைத்து, ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டிவந்திருந்தார் டாப்கியர். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வேகத்தை யாரும் கேலி செய்யவில்லை.

கட்டிலை மோட்டார் அறைக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தி ஆராய்ந்தார்கள். காவல்காரர் அதற்குப் போன மாதம் தடிமனாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. பெயிண்டுக்கு அடியில் பழைய ஓட்டை இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. "அறுத்துத்தான் பாக்கணும்," என்றார் டாக்டரம்மா. "உள்ள எத்தனை பாதை இருக்கோ, அத்தனை பூச்சி உள்ளயே இருக்கணும். ஒரு பாதை காலியா இருந்து அது வெளிய வரைக்கும் போயிருந்தா, மரம் போச்சு."

பொறிக்காரரும் டாப்கியரும் பெரியவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஒவ்வொரு காலிலும், ஒவ்வொரு சட்டத்திலும் காதை வைத்தார். வலது முன்காலில் விரலால் தட்டினார். "இங்க ஒண்ணு. நல்லா தின்னுது." மற்றவற்றில் வெகுநேரம் கேட்டார். தலையை அசைத்தார். "வேற சத்தம் இல்லம்மா. ஆனா சத்தம் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு நான் சொல்லமாட்டேன்."

மரத்தை வெட்ட வந்த வாளால் கட்டிலை அறுத்தார்கள். வலது முன்காலில் அவர் தட்டிய இடத்திலேயே கொழுத்த வெள்ளைப் புழு நெளிந்தது. அதன் பாதை அதோடு முடிந்தது. சட்டங்கள் சுத்தமாக இருந்தன. மற்ற இரண்டு கால்களும் சுத்தம். கடைசியாக இடது பின்கால். வாள் இறங்கியதும் நடுவில் ஒரு பாதை வாயைத் திறந்தது. காலியாக இருந்தது.

இயக்குநர் பெருமூச்சு விட்டார். தோட்டக்கார அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரம்மா வாளை நிறுத்தச் சொல்லி, உளியை வாங்கி, பாதையைத் தொடர்ந்து விரல் விரலாகப் பிளந்துகொண்டு போனார். பாதை மேலே ஏறி, வளைந்து, வெளிப்புறத்தை நோக்கித் திரும்பியது. பெயிண்டுக்குத் தாள் அளவே மிச்சம் இருந்த இடத்தில் மரத்தூளால் அடைத்த ஒரு சின்ன அறை. அதற்குள் கூட்டுப்புழு, நீண்ட கொம்புகளை வயிற்றின் மேல் மடக்கிக்கொண்டு படுத்திருந்தது. கண்கள் ஏற்கெனவே கறுத்திருந்தன.

"நாலு கால், ரெண்டு பாதை, ரெண்டு பூச்சி," என்றார் டாக்டரம்மா. "ஒண்ணுகூட வெளிய வரல."

தோட்டக்கார அம்மாள் கிட்டே வந்து லென்ஸை வாங்கிப் பார்த்தார்.

"இது எப்ப வெளிய வந்திருக்கும்?"

"அஞ்சாறு நாள்ல. மோட்டார் ரூம் ஜன்னலுக்கு வெளியிலயே உங்க மரம் இருக்கு."

"நேத்து நான் வாயைத் திறக்காம போயிருந்தா?"

டாக்டரம்மா உளியைத் துடைத்துக் கீழே வைத்தார். அவரிடம் இருந்த பதில் அந்த அம்மாளிடமும் இருந்தது. லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோட்டக்கார அம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். வாசலில் பீடி பற்றவைத்தபடி உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து, "அம்மா, எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டார்.

"எந்தப் பக்கமும் வேண்டாம்ப்பா. எல்லாம் நல்லா இருக்கு. நீங்க வீட்டுக்குப் போங்க," என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்து, பக்கத்தில் இருந்த மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.